எலிக்கு கார்டியாக் அவுட்புட் (இதயம் ஒரு நிமிடத்தில் வெளியேற்றும் ரத்தம்) 6.6 மி.லி. தான் வருகிறது, எங்கே இடிக்கிறது?

வெள்ளெலி, டர்பன்:
எல்லோருக்கும் வணக்கம். முனைவர் பட்ட வேலைக்காக எலிகளில் எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட்) எடுக்கிறேன். சி57 என்ற ஆய்வக வகைக் கருப்பு எலி, ஆண், 12 வாரம், எடை 26 கிராம். மயக்கத்துக்குக் கெட்டமின்-சைலசீன் ஊசி. எலிக்கென்று தனி மெஷின் இல்லை. மனிதர்களுக்கு ரத்தக்குழாய் பார்க்கிற 15 மெகாஹெர்ட்ஸ் புரோபை (ஒலி அலை அனுப்பி வாங்கும் கைக்கருவி) வைத்துத்தான் ஓட்டுகிறேன். பெருந்தமனியின் விட்டம் 1.1 மி.மீ., ரத்த வேகத்தை அளக்கும் டாப்ளரில் வி.டி.ஐ. (ஒரு துடிப்பில் ரத்தம் நகரும் தூரம்) 2.4 செ.மீ., துடிப்பு நிமிடத்துக்கு 290. கணக்குப் போட்டால் ஒரு துடிப்புக்கு 23 மைக்ரோலிட்டர், நிமிடத்துக்கு 6.6 மி.லி. படித்த இடத்திலெல்லாம் 10 முதல் 20 வரை என்று இருக்கிறது. இத்தனைக்கும் இது நோய் எதுவும் இல்லாத, ஒப்பீட்டுக்கான கண்ட்ரோல் எலி. மெஷினில் கோளாறா, என் கையிலா?

மாரிட்ஸ்பர்க்காரன்:
மெஷினை அப்புறம் பார்க்கலாம் தங்கச்சி. 290 என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைப் பாருங்கள். விழித்திருக்கும் எலிக்குத் துடிப்பு 600-ஐத் தொடும். சைலசீன் அதைப் பாதியாக்கிவிடும், அந்த மருந்தின் குணமே அதுதான். மூச்சு வழி கொடுக்கும் ஐசோஃப்ளூரேன் மயக்க மருந்து இருந்தால் அதற்கு மாறுங்கள். மயக்க 3 சதவீதம், பிறகு 1 முதல் 1.5 வரை. துடிப்பு 450-க்குக் கீழே போனால் மயக்கம் ஆழமாகிவிட்டது, அல்லது உடம்பு குளிர்ந்துவிட்டது. உடல் வெப்பம் எவ்வளவு இருந்தது?

வெள்ளெலி:
34.5. ஹீட்டிங் பேட் போட்டிருந்தேன் அண்ணா, நடுவில் கரண்ட் போய்விட்டது.

மாரிட்ஸ்பர்க்காரன்:
அதானே பார்த்தேன். 26 கிராம் உடம்பு, நெஞ்சில் மயிர் எடுத்தாயிற்று, மேலே சில்லென்று ஜெல். சூடு நிற்குமா? ஜெல் பாட்டிலை வெந்நீரில் வைத்து எடுங்கள். பேடை இன்வெர்ட்டரில் மாட்டுங்கள். ஆசனவாய் வழி தெர்மாமீட்டரில் 37 வந்த பிறகுதான் புரோபைத் தொட வேண்டும். இன்னொன்று: மயக்க மருந்தை மாற்றினால் விலங்கு நெறிமுறைக் குழுவில் திருத்தம் போட்டு ஒப்புதல் வாங்கிவிடுங்கள். ஆய்வு விலங்குகளுக்கான தென்னாப்பிரிக்கத் தரநிலை எஸ்ஏஎன்எஸ் 10386 இங்கே எல்லா ஆய்வகத்துக்கும் பொருந்தும்.

லெனேசியாவாசி:
ஜோஹன்னஸ்பர்க் பக்கம் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. நாம் இருப்பது 1,700 மீட்டருக்கு மேலே, காற்றழுத்தம் கடல்மட்டத்தின் 760-க்குப் பதில் 620 மி.மீ. பாதரசம் அளவில். அதனால் வேப்பரைசரை (மயக்க மருந்தை ஆவியாக்கித் தரும் கருவி) கூட்டவோ குறைக்கவோ வேண்டுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். சாதாரண வேப்பரைசர் என்றால் டயலைத் தொட வேண்டாம். காற்றழுத்தம் குறைவதால் ஆவியின் சதவீதம் கூடினாலும், எலியின் மூளைக்குப் போகும் பகுதி அழுத்தம் (மருந்து ஆவியின் பங்கு அழுத்தம், மயக்கம் அதைப் பொறுத்தது) ஏறக்குறைய அதேதான். டர்பன்காரருக்கு இந்தத் தலைவலியே இல்லை, கடலோரத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

எக்கோ அக்கா, சாட்ஸ்வொர்த்:
நான் பார்ப்பது மனித இதயம். ஆனால் இந்த 1.1 மி.மீ. என் கண்ணில் உறுத்துகிறது. 15 மெகாஹெர்ட்ஸில் ஒலியின் அலைநீளமே 0.1 மி.மீ. கெய்ன் (படத்தின் பிரகாசத்தைக் கூட்டும் அமைப்பு) ஏறியிருந்தால் இரண்டு பக்கச் சுவரும் தடித்துத் தெரியும், நடுவில் குழாய் சுருங்கிப்போகும். விட்டத்தைக் கணக்கில் வர்க்கமாக்குகிறோம் இல்லையா? அசல் 1.3 இருந்து நீங்கள் 1.1 என்று குறித்தால் பரப்பு 0.95 சதுர மி.மீ. ஆகிவிடும், சரியானது 1.33. விட்டத்தில் 0.2 தவறினால் ரத்தத்தில் கால்வாசிக்கு மேல் காணாமல் போகிறது!

கெய்னைக் குறைத்து, உள்சுவரிலிருந்து உள்சுவர் வரை, சிஸ்டோலில் (இதயம் சுருங்கும்போது) அளந்து பாருங்கள். மூச்சு இழுக்கும் துடிப்புகளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரி எடுங்கள். டாப்ளர் கேட்டையும் (வேகம் அளக்கும் புள்ளி) விட்டம் அளந்த அதே இடத்தில்தான் வைக்க வேண்டும். ஒலிக்கதிருக்கும் ரத்த ஓட்டத்துக்கும் நடுவே கோணம் எவ்வளவு வைத்தீர்கள்? 60-ஐ ஒட்டி இருந்தால் 5 டிகிரி பிசகினாலே வேகத்தில் 15 சதவீதம் போய்விடும். கோணம் படியவே மாட்டேன் என்றால் நுரையீரல் தமனியில் எடுங்கள். நேர்கோட்டில் கிடைக்கும், இதயத்தில் ஓட்டை இல்லாத எலியில் இரண்டு பக்கமும் ஒரே அளவுதான் ஓடும். அங்கே விட்டம் தெளிவாகத் தெரியாது, அது ஒரு தொல்லை.

வெள்ளெலி:
கோணம் 58 அக்கா. இடது வென்ட்ரிக்கிளின் (இதயத்தின் இடது கீழறை) கொள்ளளவிலிருந்து கணக்குப் போட்டுச் சரிபார்க்கலாமா?

எக்கோ அக்கா:
உங்கள் மெஷினில் வேண்டாம். துடிப்பு 450 என்றால் ஒரு துடிப்புக்கு 133 மில்லிசெகண்ட். நொடிக்கு 50 ஃபிரேம் ஓடும் மெஷின் அதற்குள் ஆறேழு படம்தான் பிடிக்கும். இதயம் முழுசாகச் சுருங்கிய கணம் இரண்டு படத்துக்கு நடுவில் நழுவிவிடும், அவுட்புட் மறுபடி குறைவாகத்தான் வரும். டாப்ளரே போதும்.

வெள்ளெலி:
திருத்தத்துக்கு ஒப்புதல் வந்துவிட்டது. ஐசோஃப்ளூரேன் 1.3, வெப்பம் 37, துடிப்பு 470. கெய்ன் இறக்கினதும் விட்டம் 1.3. கோணத்தை 40-க்குள் கொண்டுவந்தேன், வி.டி.ஐ. 2.3. ஒரு துடிப்புக்கு 30.5 மைக்ரோலிட்டர், நிமிடத்துக்கு 14.3 மி.லி. உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே 2 மி.லி. அளவுதான், அது எட்டரை நொடிக்குள் ஒரு சுற்று சுற்றிவிடுகிறது என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. எல்லோருக்கும் நன்றி.

இரண்டு சந்தேகம் மிச்சம். மேற்பார்வையாளர் கடைசி நாளில் நெஞ்சைத் திறந்து பெருந்தமனியில் ஃப்ளோ புரோப் (குழாயைச் சுற்றி மாட்டி ஓட்டத்தை அளக்கும் கருவி) மாட்டி ஒப்பிடச் சொல்கிறார், எண் ஒத்துப்போகுமா? கெட்டமினில் எடுத்த பழைய எலிகளின் எண்களை இதோடு சேர்க்கலாமா?

மாரிட்ஸ்பர்க்காரன்:
கொஞ்சம் குறைவாகத்தான் வரும். ஃப்ளோ புரோப் உட்காரும் இடத்துக்கு முன்பே இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் கரோனரி தமனிகள் பிரிந்துவிடுகின்றன, அந்த ரத்தம் கணக்கில் வராது. போதாததற்கு நெஞ்சு திறந்திருக்கிறது, வென்டிலேட்டர் ஓடுகிறது, இதயத்துக்குத் திரும்பும் ரத்தமும் குறையும். புரோபுக்கும் குழாய்க்கும் நடுவில் ஜெல் நிரப்புங்கள், காற்றுக்குமிழி இருந்தால் சிக்னலே வராது.

பழைய எண்களைச் சேர்க்க வேண்டாம். மருந்து வேறு, துடிப்பு வேறு, வெப்பம் வேறு. எக்கோவுக்கு எலியைக் கொல்ல வேண்டியதில்லையே, அதே எலிகள் கூண்டில் இருந்தால் ஐசோஃப்ளூரேனில் மறுபடி எடுங்கள். வயது, எடை இரண்டையும் அன்றைய தேதிக்குக் குறித்துக்கொள்ளுங்கள்.