பொட்டலத்தில் உள்ள 80 சதத்துக்கு என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம்.

பூச்சி, நோய் மருந்துகளில் உண்மையில் வேலை செய்யும் பகுதியான 'ஆக்டிவ் இன்கிரீடியன்ட்' என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் விவாதத்தில் இதுவரை வினைப்பொருள், செயற்பொருள், வீரியப்பொருள் என மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றையும் ஒரு பொட்டலம் நனையும் கந்தகத்தில் (நீரில் கலந்து தெளிக்கும் பூஞ்சைக்கொல்லித் தூள்) உரசிப் பார்க்க எனக்குக் காரணம் உண்டு. மிளகாயில் வரும் சாம்பல் நோய்க்கு நான் எழுதித் தந்த குறிப்பில் "0.2 சதக் கந்தகக் கரைசல்" என்றிருந்தது. அதைப் படித்துவிட்டுப் பத்து லிட்டர் டேங்குக்கு ஒருவர் 20 கிராம் போட்டார், இன்னொருவர் 25 கிராம். இருவர் கணக்கிலும் பிழையில்லை. என் வாக்கியத்தில்தான் பிழை.

பொட்டலத்தில் 80 சதம்தான் கந்தகம். மீதி, தூள் நீரில் பிரிந்து நிற்க உதவும் பொருள்களும் நிரப்பியும். முதலாமவர் தூளை அப்படியே நிறுத்தார். அடுத்தவர், 20 கிராம் கந்தகமே உள்ளே போகவேண்டும் என்றெண்ணி 20ஐ 0.8ஆல் வகுத்தார். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் என்ற பரிந்துரை தூளின் எடையைத்தான் குறிக்கிறது. எனவே 20 கிராமே சரி. அளவு கூடி, வெயிலும் கடுமையாக இருந்தால் இலை கருகும்.

இனி சொற்களுக்கு வருகிறேன். வினைப்பொருள் வேண்டாம், வேதியியலில் 'வினைபடுபொருள்' ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. வீரியம் என்றதும் விதைக்கடையின் வீரிய ஒட்டு ரகம்தான் நினைவுக்கு வருகிறது. செயற்பொருளில் குறையில்லை, உயிரும் இல்லை.

உரக்கணக்கைப் பாருங்கள். யூரியாவில் 46 சதம் தழைச்சத்து என்பது உழவருக்குத் தெரியும். மூட்டையின் எடை வேறு, சத்தின் எடை வேறு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தச் சொல்லையே கடன் வாங்கி 'மருந்துச்சத்து' என்கிறேன். பொட்டலத்தோடு நிறுப்பது 'சரக்கு எடை'. சத்து எடையை 0.8ஆல் வகுத்தால் சரக்கு எடை. 'கந்தகச்சத்து' என்று மட்டும் எழுதக்கூடாது; கந்தகம் பயிருக்கு ஊட்டமும் ஆகும் என்பதால் அந்தப் பெயர் உரத்துக்குப் போய்விட்டது. பூஞ்சைக்கொல்லியைச் சத்து என்பதா என்று ஒரு நண்பர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும், கணக்குப் புரிகிறதே!

குறிப்பில் இருந்த 'கரைசலையும்' திரும்பப் பெறுகிறேன். கந்தகம் நீரில் கரையாது. மக்கில் தூளைப் போட்டு, கொஞ்சம் நீர் விட்டுக் குழைத்து, பிறகு டேங்கில் ஊற்றிக் கலக்குகிறோம். கலக்காமல் வைத்துவிட்டுச் சாப்பிட்டு வந்தால் அடியில் மஞ்சளாக வண்டல் படிந்திருக்கும். தூள் கரையாமல் நீரில் பரவி நிற்கும் இந்தக் கலவையைப் பாடநூல் 'தொங்கல்' என்கிறது. இலக்கணப்படி சரிதான், ஆனால் "தொங்கலைத் தெளிக்கவும்" என்று எழுத எனக்குக் கை வரவில்லை. 'தெளிப்புக் கலவை' என்று வைத்துக்கொள்ளலாமா?

திருத்திய வரி இது: "நனையும் கந்தகம் (மருந்துச்சத்து 80 சதம்), சரக்கு எடை 20 கிராம், நீர் 10 லிட்டர்." இதையும் இரண்டு விதமாகப் படிக்க முடிந்தால் உடனே எழுதுங்கள்.