புதுப்பிப்பு: அப்பாவின் சங்கப் பணம்

தண்டையார்பேட்டையில் அப்பா உறுப்பினராக இருந்த கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம், அவர் இறந்து ஒன்றரை வருஷமாகியும் பங்குத் தொகையைத் தரவில்லை, கோர்ட்டுக்குப் போகவா என்று இங்கே கேட்டிருந்தேன்.

போகவில்லை. கோர்ட் வேண்டாம், பதிவாளரிடம் போங்கள் என்று நீங்கள் சொன்னதுதான் சரி. தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983, பிரிவு 90-ன்படி இந்த மாதிரி தகராறு கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளரிடம் போகவேண்டும். இறந்த உறுப்பினரின் வாரிசும் கேட்கலாம். இது தெரியாமல் அம்மா எத்தனை முறை சங்கத்துக்கும் வீட்டுக்கும் அலைந்தார்!

கூட்டுறவுத் துணைப்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்கினேன். பாஸ்புக், வாரிசுச் சான்றிதழ் இரண்டையும் இணைத்தேன். பத்தே நாளில் சங்கத்திலிருந்து போன். பங்குத் தொகை வந்துவிட்டது. சிக்கன சேமிப்புக்கு வட்டிக் கணக்கு இன்னும் தரவில்லை, எழுத்தில் கேட்டிருக்கிறேன்.

நாமினி பெயர் பதியாதவர்கள் இந்த வாரமே போய்ப் பதிந்துவிடுங்கள். அப்பா பதியவில்லை.