மறு: ஆவியாகும் கொழுப்பமிலமா, காடியமிலமா?

> ‘ஆவியாகும் கொழுப்பமிலம்’ புழக்கத்தில் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

ஐயா, ‘volatile fatty acid’ என்பதற்கான அந்தச் சொல்லோடுதான் இங்கே மொரீஷியஸின் போர்ட் லூயியில் வகுப்பு எடுத்தேன். முதல் கேள்வியே “சமையல் எண்ணெயா மிஸ்?” வீட்டில் கிரியோல் பேசும் பிள்ளைகள். பிரெஞ்சுப் பாடநூலில் ‘அசித் க்ரா’ என்று வரும். ‘க்ரா’ என்றால் அவர்களுக்குக் கொழுப்புதான். நாமும் அதே குழப்பத்தைத் தமிழாக்கி வைத்திருக்கிறோம்.

நீராவியோடு வடித்தால் கூடவே வருவதால் ‘ஆவியாகும்’. சரி. ஆனால் கொழுப்பு எங்கே? காய்கறிக் கழிவையோ மொலாசஸையோ (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகு) காற்றுப் புகாத தொட்டியில் போட்டால், நுண்ணுயிரிகள் அதிலுள்ள மாவையும் சர்க்கரையையும் அசெட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்களாக்கும் (முறையே இரண்டு, மூன்று, நான்கு கார்பன்). அப்படியே விட்டால் கடைசியில் மீத்தேன். மீத்தேன் செய்யும் கூட்டம் மெதுவாகத்தான் பெருகும், புளிப்பும் அதற்கு ஆகாது. அதனால் பிஎச் 5.5 அளவில் வைத்து, சில நாளிலேயே வெளியே எடுத்துவிட்டால் வாயுவுக்குப் பதில் புளித்த நீர் கிடைக்கும். அதைக் கொண்டு உயிரி நெகிழியும் செய்யலாம். 1997 முதல் மார் சிக்கோஸ் குப்பை மேட்டில் சமையலறைக் கழிவைக் கொட்டிவரும் தீவுக்கு இது வெறும் பாடநூல் விஷயமில்லை.

புளித்த நீருக்குப் பாட்டி வைத்த பெயர் காடி. புளித்த கஞ்சியும் காடி, வினிகரும் காடி. எனவே என் பரிந்துரை: காடியமிலங்கள்.

> அப்படியானால் ஆறு கார்பன் காப்ரோயிக் அமிலம்?

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். கிளாஸ்ட்ரிடியம் குளுவேரி என்ற பாக்டீரியா எத்தனாலையும் அசெட்டிக்கையும் சேர்த்து, இரண்டு கார்பனை நான்காக, நான்கை ஆறாகத் தொடுக்கிறது. பூச்சரம் போலத்தான். அதனால் இந்த வேலைக்குச் சொல்லும் ‘சங்கிலி நீட்சி’யைவிடச் ‘சரந்தொடுத்தல்’ எனக்குப் பிடிக்கிறது. (காப்ரோயிக்கின் பெயர் லத்தீனில் ஆட்டிலிருந்து வந்தது. முகர்ந்து பார்த்தவர்கள் மறுக்கமாட்டார்கள்.) இது தண்ணீரில் அதிகம் கரையாது. கரைசலில் அமிலத்தைக் கூட்டினால் எண்ணெய் போல மேலே மிதக்கும். அங்கே ‘கொழுப்பமிலம்’ பொருந்துகிறது, விட்டுக்கொடுக்கிறேன்.

அப்புறம், நடுவில் நிற்கும் ஐந்து கார்பன் வாலெரிக்கை எந்தப் பக்கம் சேர்ப்பது? நான் காடி என்கிறேன். ஆய்வகத்தில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.