இங்கி தப்பியது புத்தியாலா, மூடி விலகியிருந்ததாலா?

நெய்தல்மகள்:
நியூசிலாந்தின் நேப்பியர் நகரில் தேசிய மீன்காட்சியகம் இருக்கிறது. அங்கே இருந்த இங்கி என்ற ஆக்டோபஸ் 2016 தொடக்கத்தில் ஒரு ராத்திரி காணாமல் போனது. தொட்டியின் மூடி கொஞ்சம் விலகியிருந்திருக்கிறது. அந்த இடைவெளி வழியாக ஏறி, வெளியே இறங்கி, தரையில் ஊர்ந்து, 150 மில்லிமீட்டர் வடிகால் குழாய்க்குள் புகுந்து, ஏறக்குறைய 50 மீட்டர் உள்ளேயே போய்க் கடலில் சேர்ந்துவிட்டது. காலையில் ஊழியர்களுக்குக் கிடைத்தது தரையில் ஈரத்தடம் மட்டும். எலும்பில்லாத உடம்பு அதற்கு. கிளி மூக்கு போன்ற அலகுதான் கெட்டி. அந்த அலகு நுழையும் சந்து இருந்தால் முழு உடம்பும் நுழைந்துவிடும். ஆனால் போகிற வழியைக் கண்டுபிடிக்க உடம்பு மட்டும் போதுமா? இவ்வளவு புத்தியுள்ள உயிரைக் கண்ணாடிக்குள் அடைத்து வைப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து.

தொட்டிக்காரன்:
சகோதரி, பத்து வருடமாக வீட்டில் மீன் வளர்க்கிறேன். ஒருமுறை மூடியைச் சரியாகப் போடாமல் தூங்கிவிட்டேன். விடிகாலை எழுந்து பார்த்தால் விரால் ஒன்று சமையலறை வாசலில் கிடக்கிறது, உடம்பெல்லாம் தூசி ஒட்டி, செவுள் மட்டும் அசைந்துகொண்டு. விராலுக்குத் திட்டம் போடத் தெரியும் என்று யாரும் சொல்வதில்லையே. இங்கி போனதை யாரும் நேரில் பார்க்கவில்லை. தடத்தை வைத்து மனிதர்கள் கட்டிய கதை அது. ஈரமும் கடல் வாடையும் இருந்த பக்கம் ஊர்ந்திருக்கும், அவ்வளவுதான். அதோடு, அது எப்படி அங்கே வந்தது என்பதையும் சொல்லுங்கள். பானியா பாறைத்திட்டுப் பக்கம் இறால் கூண்டில் சிக்கியது. மீன்களோடு சண்டையிட்டுக் கைகள் தேய்ந்து, உடம்பெல்லாம் தழும்போடு இருந்த பிராணியை வைத்துப் பார்த்துக்கொண்டது அந்தக் காட்சியகம்தான்.

நெய்தல்மகள்:
அண்ணா, காப்பாற்றியதை மறுக்கவில்லை. ஆறிய பிறகு ஏன் விடவில்லை என்றுதான் கேட்கிறேன். விரால் விஷயம் வேறு. ஜெர்மனியின் கோபுர்க் நகரக் காட்சியகத்தில் 2008இல் நடந்ததைப் பாருங்கள். ராத்திரியானால் மின்சாரம் போய்க்கொண்டே இருந்தது, காரணம் தெரியவில்லை. ஊழியர்கள் அங்கேயே தரையில் படுத்துக் காவல் காத்தார்கள். ஓட்டோ என்ற ஆக்டோபஸ் தொட்டி விளிம்பில் ஏறி, மேலே எரிந்த 2000 வாட் விளக்கின் மேல் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. வெளிச்சம் அதற்குத் தொந்தரவு, அதை அணைத்தது. இதில் தற்செயல் எங்கே?

தொட்டிக்காரன்:
தண்ணீர் பீய்ச்சுவது ஆக்டோபஸின் வழக்கம்தான். ஒருமுறை விளக்கு அணைந்ததும் பழகிக்கொண்டிருக்கும். பழக்கம் வேறு, யோசனை வேறு. 2009இல் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் ஒரு ஆக்டோபஸ் வால்வைத் திருகித் தரை முழுக்கத் தண்ணீரை நிரப்பியது. அது தன் தொட்டித் தண்ணீரையே வெளியே விட்ட வேலை. புத்தியாக நினைத்துச் செய்திருந்தால் அப்படிச் செய்யுமா? கை பட்டதையெல்லாம் இழுத்துப் பார்க்கும் பிராணி, சரி. அதற்கு மேல் ஏற்ற வேண்டாம்.

உயிரியல்_ஆசிரியர்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். தம்பி சொல்வதில் ஒரு நியாயம் உண்டு, ஒற்றைச் சம்பவத்தை வைத்து எதையும் நிறுவ முடியாது. அதனால்தான் சியாட்டில் காட்சியகத்தில் சோதனை செய்தார்கள், 2010இல் முடிவு வெளியானது. ஒரே மாதிரிச் சீருடையில் இரண்டு பேர். ஒருவர் தினமும் இரை கொடுத்தார், மற்றவர் சொரசொரப்பான குச்சியால் குத்தினார். இரண்டு வாரத்தில் ஆக்டோபஸ்கள் ஆளை அடையாளம் கண்டுகொண்டன. குத்தியவர் வந்தால் விலகின, நீர் பீய்ச்சும் குழலை அவர் பக்கம் திருப்பின. அதன் நரம்பணுக்கள் 50 கோடி அளவில் இருக்கும், அதில் பெரும்பகுதி கைகளில். தம்பி 'கை பட்டதை இழுக்கும்' என்கிறாரே, அந்தக் கைதான் யோசிக்கிற இடமும். பிரிட்டன் 2022இல் கொண்டுவந்த விலங்கு நலச் சட்டத்தில் ஆக்டோபஸையும் உணர்வுள்ள உயிராகச் சேர்த்தது.

நெய்தல்மகள்:
நன்றி ஐயா. எங்கள் பக்கம் ஆக்டோபஸைப் பேய்க்கணவாய் என்பார்கள். படகின் அடித்தளத்தில் போட்டால் ஒரு கையை நீட்டித் தடவித் தடவிப் போய்த் தண்ணீர் வடியும் ஓட்டையில் நிற்கும். சின்ன வயதில் அப்பாவோடு போனபோது பார்த்திருக்கிறேன். எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் அந்த ஓட்டைக்கே வரும். இங்கியின் செய்தியைப் படித்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

தொட்டிக்காரன்:
ஐயா, அந்தச் சோதனையை ஏற்கிறேன். ஆளைத் தெரிந்துகொள்கிற அளவு அறிவு இருக்கிறது, அது நான் நினைத்ததைவிட அதிகம். ஆனால் இங்கிக்குக் கடல் வேண்டும் என்ற ஆசை இருந்தது என்பதை இன்னும் ஏற்கவில்லை. அங்கே பிளாட்சி என்ற இன்னொரு ஆக்டோபஸும் இருந்தது, அது போகவில்லை. அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

அந்த விராலைப் பற்றி மீதியையும் சொல்லிவிடுகிறேன். திரும்பத் தொட்டியில் விட்டு மூடி மேல் செங்கல் வைத்தேன். மூன்று நாளும் அதே மூலையில் மூக்கை முட்டிக்கொண்டே இருந்தது, இரை எடுக்கவில்லை. நான்காம் நாள் காலை வாளியில் எடுத்துப்போய்க் கண்மாயில் விட்டேன்.