போலோ ஜிடியை விக்கிறதா, வச்சுக்கிறதா? நவம்பர்ல குழந்தை

உச்சிப்புளி_ஜிடி:

அண்ணன்மாருக்கு வணக்கம். வண்டி 2016 போலோ ஜிடி டிஎஸ்ஐ, 1.2 இன்ஜின், 7 ஸ்பீடு டிஎஸ்ஜி (ரெண்டு கிளட்ச் உள்ள ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்). டிஎன் 65, ராமநாதபுரம் பதிவு, ஒரே ஓனர், 68,000 கிலோமீட்டர். ஸ்டேஜ் 1 ரீமேப் (பவர் கூட்ட இன்ஜின் சாஃப்ட்வேரை மாத்துறது), வண்டியைத் தாழ்த்துற லோயரிங் ஸ்பிரிங், வெளியில வாங்குன அலாய், சத்தம் கூடின எக்ஸாஸ்ட் எல்லாம் போட்டிருக்கு. கழட்டுன ஒரிஜினல் பாகங்கள் வீட்ல பத்திரமா இருக்கு. லோன் கட்டி முடிச்சாச்சு, ஆனா ஆர்சில பேங்க் பேரு இன்னும் நிக்கிது.

வீட்ல இப்ப அஞ்சு மாசம். நவம்பர் கடைசி வாரம்னு டாக்டர் தேதி சொல்லியிருக்காங்க. ஏழாம் மாசம் வளைகாப்பு போட்டு பரமக்குடிக்கு அம்மா வீட்டுக்குப் போயிருவாங்க, அப்புறம் எனக்கு அங்கயும் இங்கயும் ஓட்டம்தான். இந்த வண்டி மேல அவ்வளவு ஆசை. ஆனா ஸ்பீடு பிரேக்கர்ல அடி உரசுற வண்டில கைக்குழந்தையை எப்படி ஏத்துறதுன்னு ராத்திரியெல்லாம் அதே நினைப்பு.

விக்கணுமா, இல்ல மாத்தம் பண்ணி வச்சுக்கலாமா? விக்கிறதுன்னா எப்ப, எப்படி? போட்ட பாகங்களோட விக்கிறதா, கழட்டிட்டு விக்கிறதா?


பாம்பன்_காத்து:

தம்பி, முடிவு எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு சைல்டு சீட்டைக் கொண்டாந்து பின்சீட்டுல மாட்டிப் பாருங்க. பாதிக் கேள்விக்கு அதுலயே பதில் கிடைச்சிரும்.

பிறந்த குழந்தைக்குப் பின்பக்கம் பார்த்த மாதிரி வைக்கிற சீட்டுதான். ஐ-சைஸ்னு ஐரோப்பால உள்ள சைல்டு சீட் விதிப்படி 15 மாசம் முடியுற வரைக்கும் பின்பக்கம் பார்த்துத்தான் உக்கார வைக்கணும், அதுக்கு மேலயும் சீட் தாங்குற அளவுக்கு அப்படியே வைக்கிறது நல்லது. அந்த வயசுல தலை கனம், கழுத்துக்குப் பலம் பத்தாது. வண்டி முன்னால மோதுனா சீட்டோட முதுகு தலையையும் தோளையும் சேர்த்துத் தாங்கிக்கும். முன்பக்கம் பார்த்திருந்தா அந்த இழுப்பு மொத்தமும் கழுத்துல இறங்கும்.

இடம் பின்சீட்டுல இடது பக்கம். ரோட்டு ஓரமா நின்னு குழந்தையை இறக்கலாம், ஓட்டுறவர் சீட்டும் பின்னால தள்ளின இடத்துலயே இருக்கும். ஆனா போலோ மாதிரி சின்ன வண்டில, முன்னால இடது சீட்டை நல்லா முன்னுக்குத் தள்ளுனாத்தான் அந்த சீட் உக்காரும். அப்படித் தள்ளுன பிறகு வீட்ல உள்ளவங்க முன்னால உக்கார்ந்து பாக்கட்டும். முட்டி டேஷ்போர்டுல இடிச்சா அந்த வண்டி உங்களுக்கு ஆகாது. பிரசவம் ஆன புதுசுல அவங்க குழந்தை பக்கத்துல பின்னாலதான் உக்காருவாங்கங்கிறதையும் கணக்குல வச்சுக்கங்க.

பின்சீட்டு குஷனும் முதுகும் சேர்ற சந்துல விரலை விட்டுத் தடவுங்க. 28 சென்டிமீட்டர் இடைவெளில ரெண்டு இரும்பு வளையம் தட்டுப்பட்டா ஐஸோஃபிக்ஸ் (பெல்ட் இல்லாம சைல்டு சீட்டை நேரா மாட்டுற வசதி) இருக்கு. இல்லன்னா மூணு முனை பெல்ட்டுல மாட்டுற சீட் வாங்கலாம், ஒழுங்கா மாட்டுனா அதுவும் பாதுகாப்புதான். அதுல ஒரு சிக்கல் இருக்கு: தொட்டில் மாதிரி சீட்டைச் சுத்தி வர நீள பெல்ட் வேணும், சில வண்டில ஒரு சாண் பத்தாமப் போகும். அதனால கடைக்கு வண்டியைக் கொண்டு போய் மாட்டிப் பார்த்து வாங்குங்க, படத்தைப் பார்த்து ஆன்லைன்ல வாங்காதீங்க. மாட்டுன பிறகு பெல்ட் போற இடத்துல பிடிச்சு ஆட்டினா 2 சென்டிமீட்டருக்கு மேல அசையக் கூடாது. குழந்தையோட வார், தோள்பட்டை மட்டத்துலயோ கொஞ்சம் கீழயோ இருந்து வரணும். தோள்கிட்ட வாரை ரெண்டு விரலால கிள்ளுனா மடிப்பு பிடிபடக் கூடாது.

ஏர்பேக் உள்ள முன்சீட்டுல இந்த சீட்டை வைக்கவே கூடாது. வெடிக்கிற ஏர்பேக் சீட்டோட முதுகுலதான் அடிக்கும், அதுக்கு ஒட்டுனாப்ல குழந்தையோட தலை இருக்கு. மடியில வச்சுக்கிறதும் பாதுகாப்பு இல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவுல 14 வயசுக்குக் கீழ பிள்ளைக்கு பெல்ட்டோ சைல்டு சீட்டோ இல்லன்னா 1,000 ரூபாய் அபராதமும் இருக்கு.

லோயரிங் ஸ்பிரிங்கைக் கழட்டி ஒரிஜினலை மாட்டுங்க, விக்கிறதா இருந்தாலும் சரி, வச்சுக்கிறதா இருந்தாலும் சரி. 2014-ல குளோபல் என்கேப் மோதல் சோதனைல ஏர்பேக் வச்ச போலோ பெரியவங்களுக்கு 4 ஸ்டார், குழந்தைக்கு 3 ஸ்டார் வாங்குச்சு. பயந்துக்கிட்டு தள்ளிவிட வேண்டிய வண்டி இல்ல அது.


மண்டபம்_ஒர்க்‌ஷாப்:

சீட் விஷயம் அண்ணன் சொன்னதுதான். நான் வண்டியோட அடியைப் பத்திச் சொல்றேன், நம்ம பக்கம் விலையைத் தீர்மானிக்கிறது அதுதான். இரும்பு எப்படித் துருப்பிடிக்குதுன்னு ஆராயவே காரைக்குடி செக்ரிங்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபத்துல ஒரு நிலையம் வச்சிருக்கு. அப்படிப்பட்ட காத்து இது. மதுரை, கோயமுத்தூர்ல இருந்து வர்ற ஆள் டிஎன் 65 நம்பரைப் பார்த்ததும் போனெட்டைத் திறக்க மாட்டான், குனிஞ்சு அடியைத்தான் பாப்பான்.

அவன் பாக்குறதுக்கு முன்னாடி நீங்க லிஃப்ட்ல ஏத்திப் பாருங்க. முதல்ல பின் ஆக்சில் பீம், அப்புறம் பிரேக் பைப். இரும்பு பைப் முடிஞ்சு ரப்பர் ஹோஸ் ஆரம்பிக்கிற அந்த நட்டுகிட்டதான் உப்பு தங்கும். மேல செவேர்னு தூள் மட்டும் இருந்தா கம்பி பிரஷ் போதும். ஸ்குரூ டிரைவர் பிடியால லேசாத் தட்டும்போது ஏடு ஏடா உதிர்ந்தா பைப்பை மாத்தியே ஆகணும், அது பிரேக் விஷயம், விக்கிறதுக்காகச் செய்யுற வேலை இல்ல. அடுத்து கதவுக்கு அடி விளிம்புல தண்ணி வடியுற ஓட்டைங்க. நம்ம ஊர் மண்ணு அதை அடைச்சிக்கிட்டு உள்ள ஈரம் தேங்கி, உள்பக்கத்துல இருந்து அரிச்சுக்கிட்டு வரும். ஒரு ஊக்கை விட்டுக் குத்தி விடுங்க. ஏசி கண்டென்சர்ல கீழ் மூலையை விரலால தொட்டுப் பாருங்க, தகடு சாம்பல் மாதிரி பொடிஞ்சா கேஸ் லீக் தூரத்துல இல்ல. பேட்டரி எர்த் வயர் பாடில இறங்குற இடத்துல பச்சைப் பூசணம் இருந்தா கழட்டித் தேய்ச்சு கிரீஸ் வைங்க. எலக்ட்ரிக்கல் கோளாறுன்னு சொல்லிக்கிட்டு வர்ற பாதி வண்டிக்கு வியாதி அங்கதான்.

விக்கிறதுக்கு முன்னாடி அடியில புதுசா கருப்பு கோட்டிங் அடிச்சிராதீங்க. துரு மேல அடிச்சா அது உள்ளுக்குள்ளயே தின்னும். வாங்க வர்றவனும் புது கோட்டிங்கைப் பார்த்தா எதையோ மூடி மறைக்கிறாங்கன்னுதான் நினைப்பான். கழுவி, இருக்கிற துருவை இருக்கிறபடியே காட்டுங்க. கழுவுறது காவிரித் தண்ணில. உப்பேறுன போர் தண்ணியை அடியில பீச்சுறது உப்பு மேல உப்பு பூசுற வேலை. தனுஷ்கோடி பக்கம் போய் வந்தா அன்னைக்கே கழுவிருங்க, அரிச்சல்முனை வரைக்கும் ரெண்டு பக்கமும் கடல்.

டிஎஸ்ஜி: உங்களுக்கு வந்திருக்கிறது டிக்யூ200ங்கிற மாடல், டிரை கிளட்ச், அதாவது ஆயில்ல நனையாத கிளட்ச். பாம்பன் பாலத்துல டூரிஸ்ட் வண்டிகளுக்குப் பின்னால ஊர்ந்து ஊர்ந்து போனா அதுக்குச் சூடேறும், கிளட்ச் தேயும். ராத்திரி முழுக்க நின்ன வண்டியைக் காலையில எடுத்து, 1-ல இருந்து 2-க்கு மாறும்போது நடுக்கம் இருக்கா, ரிவர்ஸ் போட்டா எத்தனை நேரம் கழிச்சுப் பிடிக்குதுன்னு கவனிங்க. அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கி அதையே திரும்பப் பாருங்க. பிறகு ஸ்கேனர் போட்டு கியர்பாக்ஸ்ல பதிஞ்ச எரர் கோடை பிரிண்ட் எடுத்து வைங்க. விவரம் தெரிஞ்ச ஆளு அந்தத் தாளைத்தான் முதல்ல கேப்பான். கியரை மாத்துற மெக்கட்ரானிக் யூனிட் போயிருந்தா அந்தச் செலவுலயே பேரம் முடிஞ்சு போகும்.

ரீமேப்பை எடுத்துட்டு கம்பெனி சாஃப்ட்வேருக்கே போயிருங்க. டிக்யூ200, டார்க் (இன்ஜினோட சுழற்று விசை) 250 நியூட்டன் மீட்டர் வரைதான் தாங்குற பாக்ஸ், கம்பெனி இன்ஜின் குடுக்கிறது 175. ரீமேப் ஏத்துற டார்க், அந்த இடைவெளியைத்தான் தின்னும். முன்ன ரீமேப் இருந்ததை வாங்குறவர்கிட்ட வாயால சொல்லிருங்க, மறைச்சா பின்னால வம்பு. எக்ஸாஸ்ட், ஸ்பிரிங், அலாய் மூணையும் கழட்டி, ஒரிஜினலை மாட்டி, வண்டியை விக்கிற விளம்பரம் வேற, பாகங்களை விக்கிற விளம்பரம் வேறன்னு போடுங்க. பாகத்துக்காக வண்டியில கூடுதல் காசு யாரும் தர மாட்டாங்க. தனியா வித்தா அதே ஆளுங்களே கேட்டு வாங்குவாங்க.


ஆர்டிஓ_வாசல்:

உடனே ஆரம்பிக்க வேண்டியது ஆர்சில பேங்க் பேரை எடுக்கிற வேலை. எல்லாத்துலயும் இழுத்தடிக்கிறது அதுதான். பேங்க்ல லோன் முடிஞ்ச என்ஓசியும் (ஆட்சேபணை இல்லைங்கிற கடிதம்) அவங்க கையெழுத்துப் போட்ட படிவம் 35-உம் வாங்கி பரிவாகன்ங்கிற அரசுப் போக்குவரத்துத் தளத்துல போடுங்க. பேரு போகாம ஆர்சி மாத்த முடியாது. அதே தளத்துல ஈ-சலான் நிலுவை இருக்கான்னும் பாத்துக் கட்டிருங்க.

விக்கும்போது பேர் மாத்துறதுக்கு படிவம் 29, 30. ஆளு பேரு, தேதி எழுதாத வெத்துப் படிவத்துல கையெழுத்துப் போட்டு புரோக்கர் கையில கொடுக்கவே கூடாது. அந்த வண்டி நாலு கை மாறி எங்கயாவது இடிச்சா, ஆர்சில பேரு உள்ளவர்தான் ஓனர்னு 2018-ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கு, இழப்பீடு உங்க தலையில வரும். கைக்குழந்தையை வச்சுக்கிட்டு கோர்ட்டுக்கு அலையுற நிலைமை யாருக்கும் வரக் கூடாது. மாநிலத்துக்குள்ள வித்தா 14 நாளுக்குள்ள நீங்க ஆர்டிஓவுக்குத் தெரியப்படுத்தணும், வாங்குறவர் 30 நாளுக்குள்ள. அவர் செய்வார்னு விடாம நீங்களே கூடப் போய் முடிச்சிட்டு வந்துருங்க.

வியாபாரிகிட்ட விடுறதா இருந்தா, ஆர்டிஓ அங்கீகாரம் உள்ள டீலரான்னு கேளுங்க. 2023 ஏப்ரல்ல இருந்து படிவம் 29சி போட்டு வண்டியை ஒப்படைச்சா, பேர் மாறுற வரைக்கும் டீலரே ஓனரா கருதப்படுவார். விலை கொஞ்சம் குறைஞ்சாலும் உங்க நிலைமைக்கு அது நிம்மதி.

வண்டி கை மாறுற அன்னைக்கு ஒரு டெலிவரி சீட்டு எழுதுங்க: தேதி, மணி, ஓடோமீட்டர் எண், இன்ஜின், சேஸிஸ் நம்பர், ரெண்டு பேர் கையெழுத்து, வாங்குறவரோட அடையாள அட்டை நகல். பணம் முழுசும் பேங்க்ல விழுந்த பிறகுதான் ரெண்டாவது சாவி.

இன்சூரன்ஸ்ல பலபேர் கோட்டை விடுறது நோ கிளைம் போனஸ். அது வண்டிக்கு உள்ளது இல்ல, உங்களுக்கு உள்ளது. 5 வருஷம் கிளைம் இல்லன்னா 50 சதவீதம். வித்த சான்றைக் காட்டி கம்பெனில அந்த போனஸுக்கான (என்சிபி) கடிதம் வாங்குனா 3 வருஷத்துக்குள்ள எடுக்குற அடுத்த வண்டில, ஓன் டேமேஜ் (சொந்த வண்டிச் சேதம்) பிரீமியத்துல அந்தக் கழிவு கிடைக்கும்.


உச்சிப்புளி_ஜிடி:

ரொம்ப நன்றி அண்ணே. சீட் மாட்டிப் பார்த்தேன், இடது முன்சீட்டுல முட்டி இடிக்கிது. விக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டோம். கொச்சியில இருந்து ஒருத்தர் கேக்குறாரு, இங்க கீழக்கரையில ஒருத்தர். யாருக்குக் கொடுக்கிறது? எந்த மாசம் நல்லது?


பரமக்குடி_டீசல்:

இப்ப ஆடி நடக்குது, நம்ம ஊர்ல புது வண்டி எடுக்கத் தயங்குவாங்க, பழைய வண்டிக்கும் கேள்வி குறைவு. இந்த மாசத்துல பேங்க் பேரு, லிஃப்ட் வேலை, ஸ்பிரிங் மாத்துறது எல்லாத்தையும் முடிச்சுட்டு ஆவணி பிறந்ததும் விளம்பரம் போடுங்க. வளைகாப்புக்கு முன்னாடி வித்து, அடுத்த வண்டியும் வாசல்ல நிக்கணும். ஐப்பசி, கார்த்திகை மழைல, ஒன்பதாம் மாசத்துல வண்டி இல்லாம நிக்கிற மாதிரி ஆகிரக் கூடாது. அதனால அடுத்த வண்டியை முதல்ல புக் பண்ணி, டெலிவரி தேதி உறுதியான பிறகு இதைக் கை மாத்துங்க. இன்னும் தள்ளிப் போட்டு ஏப்ரல் 15-க்கு மேல போயிட்டா ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் கையில காசு புழங்காது.

என் கணக்குல இந்த வண்டிக்கு உள்ளூரை விட வெளியூர்லதான் நல்ல விலை. 2022-ல போலோவையே நிறுத்திட்டாங்க. அதுலயும் 1.2 டிஎஸ்ஜி பின்னால வந்த 1.0-ல கிடையாது, அதுக்கு டார்க் கன்வெர்ட்டர்ங்கிற வேற வகை ஆட்டோமேட்டிக். தேடி வாங்குற ஆளுங்க இருக்காங்க, ஸ்கேன் தாளும் சர்வீஸ் பில்லும் இருந்தா பேரம் அதிகம் பேச மாட்டாங்க.

அடுத்த வண்டி பாக்கும்போது சைல்டு சீட்டையும் தூக்கிட்டு ஷோரூமுக்குப் போங்க. டெஸ்ட் டிரைவ் வண்டில மாட்டி, நீங்க ரெண்டு பேரும் உக்கார்ந்து பாருங்க. பின்கதவு எவ்வளவு அகலமாத் திறக்குது, ஏசி காத்து பின்சீட்டுக்கு வருதா, இதையெல்லாம் பார்த்த பிறகு குதிரைத்திறனைக் கேளுங்க. பிறந்த குழந்தையை அந்த சீட்டுல ஒரே மூச்சா ரொம்ப நேரம் வைக்கக் கூடாது, முதல் சில வாரத்துல அரை மணிக்கு ஒருமுறை தூக்கிக்கணும். பரமக்குடியில இருந்து உச்சிப்புளி வர்றப்ப ராமநாதபுரத்துல நிறுத்துங்க. வெயில்ல நின்ன வண்டின்னா வாரோட இரும்புப் பூட்டை உங்க கையால தொட்டுப் பார்த்துட்டு மாட்டுங்க.


ஆர்டிஓ_வாசல்:

கொச்சிக்காரர் பத்தி ஒண்ணு. வேற மாநிலம்னா படிவம் 28 போட்டு நம்ம ஆர்டிஓல என்ஓசி வாங்கணும், பிறகு அவர் கேரளாவுல வரி கட்டி மறுபதிவு பண்ணணும். அந்த வரியைக் கழிச்சுத்தான் விலை பேசுவாரு, அதனால அவர் சொல்ற தொகையையும் கீழக்கரைக்காரர் சொல்றதையும் நேருக்கு நேர் வச்சுப் பாக்காதீங்க, அலைச்சலையும் சேர்த்துப் பாருங்க. வித்தியாசம் கொஞ்சம்தான்னா கீழக்கரைக்கே கொடுங்க, பேர் மாத்துறதை ராமநாதபுரத்துலயே முடிச்சிரலாம். அவர் வெளிநாட்டுல இருந்து லீவுல வந்தவரா இருந்தா திரும்பிப் போறதுக்கு முன்னாடி ஆர்சி மாறியிருக்கணும், அவரோட ஓடிபி இல்லாம ஆன்லைன் வேலை நகராது.

ஃபாஸ்டேக்கை வண்டி கை மாறுற அன்னைக்கே குளோஸ் பண்ணி, கண்ணாடில இருந்து உரிச்சிருங்க. இல்லன்னா அவர் போகலூர் டோல் தாண்டும்போதெல்லாம் உங்க கணக்குல பணம் போய்க்கிட்டிருக்கும்.