சிப்பிப்பாறை நாய்க்குத் தின்ன என்ன கொடுக்கலாம்?

கேள்வி:
எங்கள் மணிக்கு 2 வயது, சிப்பிப்பாறை. போன வாரம் அம்மா மிச்சமிருந்த சாம்பார் சாதத்தைப் பிசைந்து வைத்துவிட்டார்கள். ராத்திரி முழுக்க வயிற்றுப்போக்கு. பாவம், வாசல்படியிலேயே சுருண்டு கிடந்தான். கடை பிஸ்கட் கொடுத்தால் காதைச் சொறிந்துகொண்டே இருக்கிறான். வேறு என்ன கொடுப்பது?

பதில் 1:
சாம்பாரை இன்றோடு நிறுத்துங்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், வேகவைத்தாலும் அப்படித்தான். பாயசத்தில் போடும் உலர்திராட்சை சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். நான் உப்பில்லாமல் வேகவைத்த கோழிக்கறியைச் சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கிள்ளிக் கொடுக்கிறேன். எலும்பு வேண்டாம், வெந்தது கூரான சில்லுகளாக உடைந்து குடலைக் குத்தும்.

பதில் 2:
கோழியும் எல்லாருக்கும் ஒத்துவராது. எங்கள் ராஜபாளையம் நாய்க்கு, மருத்துவர் சொன்ன உணவைத் தவிர 8 வாரம் வேறு எதுவும் கொடுக்காமல் பார்த்த பிறகுதான் அரிப்புக்குக் கோழிதான் காரணம் என்று தெரிந்தது. இப்போது கேரட்டும் வேகவைத்த பூசணியும்தான். அப்புறம், தின்பண்டம் அன்றைய கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

கேட்டவர்:
நன்றி அக்கா. இன்று பூசணி கொடுத்தேன், தட்டை நக்கியே நகர்த்திவிட்டான். காதை நாளைக்கு மருத்துவரிடம் காட்டுகிறேன்.