படத்தெளிவு வேறு, எழுத்துத்துலக்கம் வேறு

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

அறிக்கையில் சேர்க்கும் படங்களைச் சிறிதாக்கிய பின்னும் அவற்றிலுள்ள எழுத்தும் கோடும் கண்ணுக்குப் பிடிபடுவதை ‘படத்தெளிவு’ என்றே வழங்கலாம் என முந்தைய மடலில் முன்மொழியப்பட்டிருந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தெளிவு என்றதும் நாம் பிரிதிறனையும் (ஓர் அங்குலத்தில் எத்தனை பிக்சல் என்பதையும்) மங்கலின்மையையும்தான் நினைக்கிறோம். பிரிதிறன் நிறைந்த படமும் படிக்க முடியாமற் போகலாம்.

1920 பிக்சல் அகலமுள்ள திரைப்பிடிப்பு ஒன்றை ஏ4 தாளில் 160 மில்லிமீட்டர் அகலத்துக்கு வைத்துப் பாருங்கள். அங்குலத்துக்கு 300 பிக்சலுக்கு மேல் இருப்பதால் அச்சகத்தார் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் திரையில் 16 பிக்சல் அளவில் இருந்த எழுத்து தாளில் 1.3 மில்லிமீட்டராக, அதாவது எழுத்தளவின் அலகான பாயிண்டில் 4க்கும் கீழாக, ஒடுங்கிவிடும். பிக்சல்களாக அல்லாமல் கோடுகளின் வடிவக்கணக்காகச் சேமிக்கப்படும் எஸ்விஜி போன்ற திசையன் படத்தை எவ்வளவு குறைத்தாலும் விளிம்பு கலங்குவதில்லை என்றாலும், அதன் எழுத்தும் இதே அளவுக்கு ஒடுங்கத்தான் செய்யும். தெளிவு அப்படியே இருக்க, வேறொன்று போய்விடுகிறது. அந்த வேறொன்றுக்குத்தான் நமக்குப் பெயர் வேண்டும்.

தமிழில் இந்த இழப்பு முதலில் மெய்யெழுத்தின் புள்ளியில் தெரியும். படத்தைப் பாதியாக்கும்போது மென்பொருள் அண்டைப் பிக்சல்களின் நிறங்களைச் சராசரியாக்குவதால், ஓரிரு பிக்சலே உள்ள புள்ளி வெளிர்சாம்பலாகிப் பின்னணியோடு கரைகிறது. நுண்விவரங்களை விட்டுச் சுருக்கும் ஜேபெக் வடிவில் சேமித்தால் எஞ்சியதும் கலங்கும். நான் மெய்ப்புப் பார்த்த ஒரு வரைபடத்தில் ‘கி’யும் ‘கீ’யும் ஒன்றுபோலவே நின்றன. ‘கல்வி’ தன் புள்ளியை இழந்தால் என்னவாகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

ஆகவே ‘துலக்கம்’ என்பதை முன்வைக்கிறேன். ‘வாசிப்பெளிமை’ நடையைப் பற்றியது; ‘படிக்குந்தன்மை’ கோடுகளுக்குப் பொருந்தாது. துலக்கம் எனக் கொண்டால் எழுத்துத்துலக்கம், கோட்டுத்துலக்கம் என்று கிளைக்கலாம். ‘எழுத்து துலங்கவில்லை’ என்று வினையாகவும் இயல்பாகச் சொல்லலாம். பாத்திரம் துலக்குவது நினைவுக்கு வருகிறதே என்று வீட்டிலேயே ஆட்சேபம் எழுந்தது. கரி போய் உருவம் தெரிவதுதானே அதுவும் என்பது என் விடை.

இதனோடு, எழுத்து துலங்கும் மிகக்குறைந்த பட அகலத்தைத் ‘துலங்கெல்லை’ எனலாமா என்று கருத்துக் கூறுங்கள். 180 மில்லிமீட்டர் அகலத்தில் 9 பாயிண்ட் எழுத்தோடு வரைந்த படத்தை 120க்குக் குறைத்தால் எழுத்து 6 பாயிண்டாகும். அதற்குக் கீழே இறங்கக் கூடாது என்று வைத்துக்கொண்டால், பக்கம் வடிவமைப்பவருக்குப் படத்தின் அடியிலேயே ஒரு வரி எழுதிவிடலாம்: ‘துலங்கெல்லை 120 மி.மீ.’